வென்றவனை ஆற்றில் போடும் வழக்கம்

காபி நன்றாக இருக்கிறது, ஷெரிஃப். எங்கள் பட்டறைக் காபியை எஞ்சினில் ஊற்றினால் எஞ்சினே துப்பிவிடும்.

லைல் பிராண்ட்வோல்டைப் பற்றிக் கேட்டீர்கள். பந்தயப் படகுக்கு நல்ல ஓட்டுநர்தான், இல்லையென்று சொல்லவில்லை. படகைக் கட்டியது யார் என்றும் கேட்டிருக்கலாம். போர் விமானத்து எஞ்சினைக் கழற்றி அந்த மரப்படகில் பொருத்தியவன் நான். வேகம் பிடித்துவிட்டால் அது தண்ணீரில் உட்காராது. அடியில் இரண்டு முனையும், புரொப்பல்லரில் பாதியும் தண்ணீரைத் தொடும், அவ்வளவுதான். பின்னால் எழும் நீரைச் சேவல்வால் என்போம். அதைப் பார்க்க ஒஹையோ ஆற்றின் இரு கரையிலும் ஜனம் சர்ச்சுக்குப் போவதையே மறந்து நிற்கும்.

அவனுக்கு முன்னால் அந்த இருக்கையில் இருந்தது நான். பந்தயம் தொடங்கும்போது, ஓடிவரும் படகு கடிகார முள் உச்சிக்கு வரும் கணத்தில் தொடக்கக் கோட்டைத் தாண்ட வேண்டும். முந்தினால் ஆட்டம் க்ளோஸ். நான் ஒவ்வொரு கோடையும் முந்தினேன். கடிகாரம்தான் மெதுவாக ஓடியது என்று இன்றைக்கும் சொல்வேன். படகு ஊர்ப் பொதுச்சொத்து. அதனால் ஊர்க் கமிட்டி கூடி என் கையில் ஸ்பானரைக் கொடுத்துவிட்டு அவனை உட்கார வைத்தது. எனக்கு வருத்தமில்லை.

சனிக்கிழமை மாலை லைல் பட்டறைக்கு வந்தான். வறுத்த கெளுத்தியை நீட்டினேன், தொடவில்லை.

"ஆர்வில், நாளைக்கு ஜெயிச்சா பசங்க என்னைத் தூக்கி ஆத்துல போடுவாங்கல்ல?"

"பின்ன, மாலை போட்டுக் கொஞ்சுவாங்களா? அது நம்ம வழக்கம்பா."

"எனக்கு நீச்சல் தெரியாது. சிரிக்காத. மிதவை ஜாக்கெட் இருக்கிற தைரியத்துலதான் படகுலயே ஏறுறேன். நீ சொன்னா பசங்க கேப்பாங்க. எப்படியாவது சமாளிச்சு விடு."

"நான் பாத்துக்கறேன். போய்த் தூங்கு" என்றேன்.

ஊர் உலகமே சாம்பியன் என்று தலையில் தூக்கி வைத்து ஆடும் ஆளுக்குத் தண்ணீர் என்றால் பயம். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஜெயித்தான். முள் உச்சியைத் தொடவும் பாழாய்ப்போனவன் கோட்டைத் தொடவும் சரியாக இருந்தது. துறைக்கு வந்து கோப்பையை வாங்கினான். போட்டோக்காரர் தயாராக நின்றார்.

"ஜாக்கெட்டைக் கழட்டுப்பா. சட்டையில ஊர்ப்பேர் தெரிய வேணாமா?" என்றேன்.

கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, குளிப்பாட்டப் போகும் குழந்தைபோல இரு கைகளையும் தூக்கினான். கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றியது நான். போட்டோவுக்குக் கோப்பையைக் கொடுத்து, எடுத்து முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டு "தூக்குங்கடா" என்று குரல் கொடுத்ததும் நான்தான்.

அவன் துறைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கத்தினான். "அடடா, என்னமா நடிக்கிறான் பாரு" என்று பையன்கள் விரல் விரலாகப் பிரித்தெடுத்துப் போட்டார்கள். கரையே கைதட்டியது. மேலே வந்து கையை அடித்தான். இன்னும் பலமாகத் தட்டியது. பெயிண்டர் கிளெம் டட்டிலுக்கு மட்டும் ஏதோ உறைத்து, ஷூவைக் கழற்றினான். நான் அவன் காலரைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடா, போட்டோவுக்காகப் பண்றான். மானத்தை வாங்காத."

கிளெம் என்னை நம்பினான். எல்லோரும் என்னை நம்புவார்கள், ஷெரிஃப். லைல் மறுபடி மேலே வரவில்லை.

வெள்ளத்தில் குதித்து ஆட்களை இழுத்துப் போட்டவன் நான். ஊரிலேயே நல்ல நீச்சல்காரன் கையெட்டும் தூரத்தில் ஏன் சும்மா நின்றான் என்கிறீர்கள். நியாயமான கேள்வி.

கோப்பை என் கையில் இருந்ததே, ஷெரிஃப். அந்தத் துறைப் பலகைமேல் வைத்தால் கீறல் விழுந்திருக்கும்.