மேலே தள்ளினால் கீழே

பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்குப் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன்னால் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“மேல தள்ளுனா கீழ போற மாதிரி மாத்திவச்சிட்டேன்டி.”

“எதை?”

“எங்க வீட்டுக்காரரோட கேம் ஜோய்ஸ்டிக்கைத்தான். செட்டிங்ஸ்ல போய் மாத்தினேன். வீட்டுக்கு வந்தா அதோடயேதான் இருக்காரு, ஒரு பேச்சு கெடையாது. தோத்துக்கிட்டே இருந்தா வெறுத்துப்போய் விட்டுருவாருன்னு நெனச்சேன்.”

“விட்டாரா?”

“கை சொன்னபடி கேக்கலன்னு பயந்துட்டாரு. அவங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்த மாதிரி தனக்கும் வருதாம். இன்னைக்குப் பின்னேரம் டொக்டரைப் பாக்க சனல் பண்ணி, நேரம் குறிச்சு நம்பர் எடுத்திருக்காரு.”

“ஐயோ, உண்மையைச் சொல்லிரு!”

“சொல்லத்தான் போறேன். ஆனா என்னையும் கூட வரச் சொல்லியிருக்காரு. நாங்க ரெண்டு பேரும் சேந்து வெளிய போய் எவ்வளவு நாளாச்சு! போய்ட்டு வந்து சொல்றேன்.”