மங்குக்குப் போட்ட களிம்பு

மருந்துக் கடையில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் போவது கால்தான். நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் மேடம். நீங்கள் மிரட்ட வேண்டியதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு அலுத்துவிட்டது.

அம்மா போனபோது பாப்பா சின்னப் பெண். பாப்பா என்றால் என் தங்கை. இப்போதும் எனக்கு அவள் பாப்பாதான். தலை வாரி, படிக்க வைத்து, ஆளாக்கியது நான். எனக்கு வந்த வரன்களை, அவள் ஒரு நிலைக்கு வரட்டும் என்று தள்ளிப் போட்டேன். அப்புறம் வரன் வருவது தானாகவே நின்றுவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, வரிசையாகச் சொல்கிறேன்.

பாப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை ஆனாள். நாள் முழுக்க மைதானத்து வெயில். சில வருடங்களில் இரண்டு கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலும் மங்கு விழுந்தது. எங்கள் இருவருக்கும் கறுத்த நிறம்தான். அதிலும் தனியாகத் தெரிகிற கறுப்பு அது, தேநீர் சிந்திக் காய்ந்த மாதிரி. துண்டால் அழுத்தித் தேய்ப்பாள், எலுமிச்சை தடவுவாள், கண்ணாடி முன்னால் நின்று அழுவாள். தேய்க்கத் தேய்க்க அது கறுத்தது. தோல் டாக்டரிடம் அழைத்துப் போனதே நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டர் நல்ல அம்மாள். பொறுமையாகச் சொன்னார்.

"வெயில், ஹார்மோன், தேய்க்கிறது, எல்லாம் சேர்ந்துதான் இது வருது. வெயில் தடுப்பு க்ரீம் தினமும் போடணும். கறுப்பா இருக்கிறவங்களுக்கு அது தேவையில்லன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. ராத்திரி இந்தக் களிம்பு. அவசரப்படக் கூடாது. நம்ம தோல்ல நிறம் குடுக்கிற செல்லு கொஞ்சம் முன்கோபி. சீண்டினா இன்னும் கறுக்கும்."

"அப்ப எங்க அக்கா மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் பாப்பா. டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

களிம்பை ட்யூபிலிருந்து ஒரு சின்ன டப்பாவுக்கு மாற்றி வைத்துக்கொண்டேன், விரலால் எடுக்க வசதி என்று. அப்போது வேறு எண்ணம் எதுவும் கிடையாது. படுக்கப் போகும் முன் என் மடியில் தலை வைப்பாள், நான் தடவி விடுவேன். ஓரங்களில் மங்கு கலையத் தொடங்கியது.

அவள் பள்ளியில் ஓர் ஓவிய ஆசிரியர். வீட்டில் அவருக்குப் பெயர் பிரஷ்.

"இன்னிக்கு பிரஷ் என்ன சொன்னார் தெரியுமாக்கா? 'உங்க கன்னத்துல ஷேடிங் அருமையா விழுந்திருக்கு டீச்சர், நான் போட்டாக்கூட இவ்வளவு இயல்பா வராது'ங்கறார்."

கையிலிருந்த தட்டு ஆடும்படி சிரித்தாள். எத்தனையோ நாள் அழுத முகத்தை ஒருவன் ஒரே பேச்சில் சிரிக்க வைத்துவிட்டான். என்னால் அது முடிந்ததில்லை.

கொஞ்ச நாளில், அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே போகப் போகிறோம் என்றாள். "நீயும் வந்துடுக்கா" என்றாள். அந்த 'உம்'மைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். நான் எப்போது மேடம் அவளுக்கு 'உம்' ஆனேன்?

கடைக்கு தினமும் பெண்கள் வருவார்கள், வெளுக்கிற க்ரீம் கேட்டு. நான் கொடுக்க மாட்டேன். "அது ஸ்டீராய்டும்மா. சொறி, அரிப்புக்குக் கொஞ்ச நாள் போடறது. மூஞ்சியில போட்டா முதல்ல பளபளக்கும். அப்புறம் தோல் காகிதமாயிடும், நிறுத்தினா எரியும், பழைய கறுப்பு ரெட்டிப்பா வரும்" என்பேன். திட்டிக்கொண்டே அடுத்த கடைக்குப் போவார்கள். ஊருக்கே இதைச் சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில்தான் அந்த ட்யூபுகளை வீட்டுக்கு எடுத்துப் போனேன். பாப்பாவின் களிம்பு டப்பாவைக் கழுவித் துடைத்து, அதில் இந்த க்ரீமை நிரப்பினேன். பார்வைக்கு இரண்டும் வெள்ளைதான்.

முதலில் பளபளத்தது. என்ன போடுகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள், பாப்பா என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு கன்னம் சிவந்தது, மெல்லிய நரம்புகள் தெரிந்தன, பூனைமுடி வளர்ந்தது. மங்கு முன்னைவிட அகலமாக வந்து உட்கார்ந்தது. ஒரு நாள் போடாவிட்டால் எரிச்சல் தாங்காமல், "அக்கா, களிம்பு" என்று அவளே வந்து படுப்பாள். நான் வற்புறுத்தியதே இல்லை.

தோல் டாக்டர் பார்த்ததும், "வேற எதாவது போடறீங்களா?" என்று கேட்டார்.

"மருந்துக் கடையில இருக்கேன் டாக்டர், எனக்குத் தெரியாதா?" என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை.

பாப்பா வேலையை விட்டாள். பிரஷ் வந்து வாசலில் நின்றார். "இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் எங்கயும் வரல, நீங்க போங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

அவர் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. அவள் இமைகளிலும் கறுப்பு ஏறுவதாக எனக்குப் பட்டது. கண்ணைச் சுற்றிலும் தடவ ஆரம்பித்தேன். நல்ல வருடங்கள் அவை, மேடம்.

பிறகு அவள் டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினாள். கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டாள். கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் போயிருக்கிறது, இடது கண்ணில் போன பார்வை திரும்பாது என்றார். "ஸ்டீராய்டு எதாவது எடுத்தீங்களா? முகத்துல போடற க்ரீம்ல இருந்தாலும் சொல்லுங்க. இப்பவே நிறுத்தினா வலது கண்ணைக் காப்பாத்திடலாம்."

பாப்பா என் பக்கம் திரும்பினாள். "அப்படி எதாவது இருக்காக்கா?"

"இல்லடா" என்றேன்.

அன்றும் வீட்டுக்கு வந்து தடவி விட்டேன். எரிகிறது என்று அவள் கேட்டாள், கேட்டபோது எப்படி இல்லையென்பது? ஆனால் அது முழு உண்மை இல்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கண்ணோரம் வரை போட்டேன். அதற்குப் பிறகும் பல மாதங்கள் போட்டேன்.

நான் கடையில் இருந்த ஒரு பகலில் பிரஷ் மறுபடி வந்திருக்கிறார். இந்தத் தடவை அவள் கதவைத் திறந்திருக்கிறாள். அவளுக்குத் தன் முகம் தெரியாததால் வெட்கமும் போய்விட்டது போல. டப்பாவோடு அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே என்ன கண்டுபிடித்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

என் முகத்தில் இனி முழிக்க மாட்டேன் என்று அவள் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். கோபம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும், தவறவே கூடாது, பிரஷுக்கு அதெல்லாம் பழக்கமில்லை. ஒரு தடவை என்னை வீட்டுக்கு அனுப்புங்கள், மேடம். அவள் என் முகத்தைப் பார்க்க வேண்டாம். என் கை பட்டால் போதும், பாப்பா கண்ணைத் திறந்துவிடுவாள்.