டயருக்குள் இருந்த முள்

பெண்கள் ஓட்டினால் சைக்கிள் அடிக்கடி பஞ்சராகும் என்று எங்கள் வீட்டில் உறுதியாக நம்பிய காலம் அது. வேங்கிக்காலில் கீழ்பென்னாத்தூர் பேருந்துக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் வெள்ளைப் புடவையணிந்த கிராமச் செவிலி ஒருத்தியும் அவள் கணவரும் சைக்கிளைக் கவிழ்த்து, டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மறுபடியும் பஞ்சர். உனக்கு ஓட்ட வரல. இன்னிக்கே மாத்தல் கேட்டுட்டு டவுன் ஆஸ்பத்திரியில உக்காரு," என்றார் அவர்.

"ஏங்க, போன தடவை ஒட்டுனது யாரு?"

"நான்தான்."

"டயருக்குள்ள கைய விட்டுப் பாத்தீங்களா?"

"ஓட்டை டியூபுலதானே?"

அவள் டயரின் உட்புறத்தை விரலால் நிதானமாகத் தடவி, ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு கருவேல முள்ளைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத உள்ளயே வுட்டுட்டு என்னைச் சொல்றீங்க."

அவர் முள்ளைத் தூர எறிந்துவிட்டு, டியூபை உள்ளே வைத்து டயரை மாட்டினார்.

"சரி, மேட்டுல எழுந்து நின்னு மிதி. அப்பத்தான் மூச்சு வாங்காது."

"அத போன மாசமே கத்துக்கினேன்."

"அப்ப மாத்தல்?"

"பஸ் வருது, நீங்க வீட்டுக்குப் போங்க. எனக்கு அந்தாண்ட ஊர்ல ஒரு பிரசவம் இருக்குது."

அவர் என்னோடு பேருந்தில் ஏறிக்கொண்டார். சாலையோரத்தில் அவள் மட்டும் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.