முழங்கையில் செதில்

“நெஞ்சு போனாலும் பரவாயில்லை, முழங்கை துப்புரவா இருக்கவேணும்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார், குண்டசாலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் மனைவியோடு இருந்த யாழ்ப்பாணத்து மனிதர்.

“இஞ்சருங்கோ, சொரியாசிஸ் தோல் வருத்தத்துக்கு எடுக்கிற குளிசைதான் பிரஷரைக் கூட்டுது, இதயம் தாங்காது, நிப்பாட்டுங்கோ எண்டு டொக்டர் சொன்னவரெல்லே?”

“நிப்பாட்டினா முழங்கை, முழங்கால் எல்லாம் திரும்பச் செதிலாகும். போனமுறை செக்பொயின்ரிலை ஆமிக்காரர் அதைப் பாத்திட்டு, இயக்கத்திலை சண்டைக்குத் தவண்டு பழகின தழும்பெண்டு நாலு நாள் அடைச்சு வைச்சவங்கள். மறந்திட்டியே?”

“டொக்டரின்ர கடிதத்தைக் காட்டலாம்தானே?”

“காட்டினனான். கிழிச்சுப் போட்டாங்கள்.”

சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். அவர் அதற்குள் சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்தார்.

“இப்பிடி வேர்க்குது. நெஞ்சு நோகுதோ?”

“சத்தம் போடாதை. வேர்வையைத் துடைச்சு விடு, அவங்கள் பாக்கப்போறாங்கள்.”