மூணு புள்ளி அஞ்சு

இல்ல தம்பி, ஃபார்மேட் எல்லாம் வேணாம்லா. லேப்டாப்பு நல்லாத்தான் ஓடுது. எம்மவ கலாதேவி காலேஜுல வச்சிருந்தது. ஜோகூர்ல வேல கெடச்சதும் என்கிட்ட விட்டுட்டுப் போயிட்டா. இந்த ஒரு புரோகிராம்தான் தொறக்க மாட்டேங்குது. பாரு, அமுக்குனா ஒரு பெட்டி வந்து, ஃபிரேம்வொர்க் மூணு புள்ளி அஞ்சு வேணும்னு நிக்கிது. ஒரு வாரமா இதோட மல்லுக்கட்டி எனக்கு தல சுத்தி பெனிங்கே வந்துருச்சு.

இதுவா? வாக்கிடாக்கி மாதிரிதான், பொழுதுபோக்குக்கு வச்சுப் பேசுவாங்களே, அந்த ரேடியோ. ஆன்லைன்ல செகண்டேண்டா வாங்குனேன். சேனல் ஒன்னுமில்லாம வெறும் டப்பாவா வந்திருக்கு. கேபிள சொருவி, அந்த புரோகிராம்ல நம்பர அடிச்சு ஏத்துனாத்தான் சத்தம் வரும். எனக்குத்தான் தம்பி. ஏன், பொம்பளைக்கு ரேடியோ ஆவாதா? லைசென்ஸ் எல்லாம் பேசறவங்களுக்குலா. நான் வாயே தொறக்க மாட்டேன். கேக்க மட்டுந்தான்.

என்ன பண்ணேன்னு சொல்றேன், நீ சிரிக்கக்கூடாது. அது மூணு புள்ளி அஞ்சு கேக்குது. இதுல பாத்தா நாலு புள்ளி எட்டு இருக்கு. நாலு இருக்கறவன்கிட்ட மூணு இருக்காதா? ஃபார்ம் ஃபைவ் பாஸ் பண்ணவன்கிட்ட ஃபார்ம் த்ரீ சர்டிபிகேட் எங்கன்னு யாராச்சும் கேப்பாங்களா? அதான் நாலு புள்ளி எட்டயே திரும்பத் திரும்ப எறக்குறேன். அதுவும் ஏற்கனவே இருக்கு, ஏற்கனவே இருக்குன்னு மொறைக்கிது, சனியன். கேபிள்தான் கெட்டுப்போச்சுன்னு வேற கேபிளும் வாங்கிட்டேன்.

அப்டியா? ரெண்டும் ஒரே பொட்டிக்குள்ள பக்கத்துப் பக்கத்துல இருக்கும், ஆனா அது வேலைய இது செய்யாதா? புதுசு இருந்தாலும் பழசு தனியா வேணுமா? நல்லா இருக்கு போ. எங்க வீடு மாதிரியே இருக்கு. ஒன்னுமில்ல, நீ செய்யி.

வீட்டுக்காரர்கிட்ட கேக்கலாந்தான். தர்மான்னு அவரு பேரச் சொன்னா ரேடியோ ஆளுங்க எல்லாத்துக்கும் தெரியும், இதுல பழந்தின்னு கொட்ட போட்டவரு. ஃபேக்டரி வேல நின்னதுலேர்ந்து இதே பொழப்புதான். ரூம சாத்திக்கிட்டு ஃபேன போட்டுக்குவாரு. சாயங்காலம் ஆனா அவரும் கூட்டாளிங்களும், எஸ்டேட்டு பெரட்டுல பேரு கூப்புடற மாதிரி, ஒவ்வொருத்தனா பேரு கூப்ட்டு ஆஜர் எடுப்பானுங்களாம். அப்புறம் கத பேசுவானுங்களாம். வெளிய நிக்கிற எனக்கு அவரு சிரிக்கறது மட்டுந்தான் கேக்கும்.

ச்சீ, அந்த மாதிரி சந்தேகமெல்லாம் இல்ல. பொம்பள வெவகாரமா இருந்தா கத்தியாச்சும் தீத்துருப்பேன்லா.

ஆனா இது அவருக்குத் தெரியக்கூடாது தம்பி. பாசாருக்கு காய் வாங்கப் போயிட்டு வாரேன்னு கதவுகிட்ட நின்னு சொல்லிட்டு பஸ் ஏறி ஒன் கடைக்கு வந்திருக்கேன். எங்க தாமான் தெரியுமில்ல, ரப்பர் எஸ்டேட்ட அழிச்சு வரிசையா வீடு கட்டுனாங்களே, அதான். அக்கம் பக்கத்துல பாதி வீடு காலி. சமையக்கட்டு, ஹாலு, மறுபடி சமையக்கட்டு, எனக்கு அவ்ளோதான். மவ கூப்புட்டுக்கிட்டேதான் இருக்கா. நான் போயிட்டா அவருக்கு யாரு சோறு போடுவா? சும்மா கெடந்தா மூச்சு முட்டுது தம்பி, நெசமாத்தான் சொல்றேன்.

அலாமாக், தொறந்துருச்சா! மூணு புள்ளி அஞ்ச போட்ட ஒடனேயா? நீ நல்லா இருக்கணும் அஸ்ஃபாக் தம்பி. நம்பரா? மனப்பாடமாவே இருக்கு, சொல்றேன் அடி. அவரு செட்ட நான் தூசி தொடைக்கறப்போ அதோட மூஞ்சில பச்சையா மினுக்கும், பாத்துப் பாத்து பதிஞ்சு போச்சு. டோனா? அதென்ன? ஓ, கேக்கறதுக்கு தேவையில்லையா. நல்லதாப் போச்சு.

இரு இரு, வருது. ஆஜர்தான் எடுக்குறானுங்க. அடடா, நேரத்தோடதான் புடிச்சிருக்கோம்.

ஆமா, இப்ப சிரிச்சாரே, அவருதான். எங்க வீட்டுக்காரரு.

எனக்கும் கேட்டுச்சு தம்பி. வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு அந்தக் கூட்டாளி கேட்டான். வீட்டுல யாருமில்ல, நான் ஒண்டிக்கட்டன்னு இவரு சொன்னாரு. நீ ஏன் தலைய குனிஞ்சுக்கற?

ஐயோ, அணைக்காத. எங்கிட்ட அவரு பேசி ரெண்டு தீவாளி போயிருச்சு. சோறு வேணும்னா தட்டத் தள்ளுவாரு, தண்ணி வேணும்னா கப்பத் தள்ளுவாரு. சண்டையெல்லாம் ஒன்னும் இல்ல, பேச்சு நின்னு போச்சு, அவ்ளோதான். கொரல் மாறவே இல்ல பாரேன். என்னமோ சொல்லிட்டுப் போறாரு, பேசட்டும்.

சத்தத்த மட்டும் கொஞ்சம் கூட்டி வையி தம்பி.