வெறும் வயிறு

கேன்சரெல்லாம் இல்லீங்க. ஆளு இளைச்சிக் கெடக்கறதால பாக்கறவங்க எல்லாம் அப்பிடித்தான் நெனச்சிக்கிறாங்க. நெஞ்சுக்குழியாண்ட, வயித்துக்கு மேல, ஒரு சதை இருக்குதாம். சோறு வந்தா அது தொறந்து வுடணும். எனக்கு தொறக்க மாட்டேங்குது. எங்க ஊரு கச்சிராயபாளையங்க, கரும்பு வச்சிருக்கேன். மதகு மாட்டிக்கினா தண்ணி பின்னாலயே நிக்கும் பாருங்க, அதான்.

ஊசியா? கையில இல்லீங்க. வாய் வழியா டியூப்ப வுட்டு அந்த சதையிலயே போடறாங்க. மருந்து இன்னான்னு கேட்டா வெசம்ன்றாங்க. நெஜமாத்தான். கெட்டுப்போன சாப்பாட்டுல வர்ற வெசமாம், அத்த துளியூண்டு போட்டா சதை தளந்து வுட்டுடுமாம். ரெண்டு மூணு நாள்ல சோறு எறங்கும். ஆறேழு மாசத்துல வேகம் கம்மியாயி மறுபடி மாட்டிக்கும். இது மூணாவது ஊசி.

சாப்பாட்டுக்கு இன்னா பண்றேனா? அத்த ஏங்க கேக்கறீங்க. நைனார்பாளையத்துல ஒரு கல்யாணம், என் தம்பிக்கு சம்மந்தி வூடு. பந்தியில ரெண்டு வாய்தான் வச்சேன், அப்பிடியே எலையிலயே வந்துடுச்சி. குடிச்சிட்டு வந்துட்டான்னு பேசிக்கினாங்க. நான் அத்த தொட்டதே இல்லீங்க. அதுலர்ந்து எந்தப் பந்தியிலயும் ஒக்கார்றதில்ல. வூட்டுல நின்னுக்கினு, ஒரு வாய்க்கு ஒரு சொம்பு தண்ணி குடிச்சி, நடந்து நடந்து எறக்குவேன். பாக்கறதுக்கும் ஆளில்ல. எங்க வூட்டுக்காரி போயி நாலு வருசம்.

இப்ப பணம் கட்ட கவுண்டருக்குப் போச்சே, அது மலர்விழி, என் பொண்ணு. ஓசூர்ல கம்பெனி வேல. லீவே குடுக்க மாட்டான். பொங்கலுக்கே வரல. போன்ல ரெண்டு நிமிசம், சாப்டியாப்பான்னு கேக்கும். அடைச்சிக்கிச்சின்னா மட்டும் அடுத்த பஸ்ஸ புடிச்சி வந்துடும். முந்தாநாள் வந்துது. கஞ்சி காச்சி வடிகட்டிக் குடுத்துது, வூட்டக் கழுவி வுட்டுது. நேத்தெல்லாம் செல்லுல பாட்டு ஓடிக்கினே இருந்துது. எனக்கு ஒரு பாட்டும் புரியல. ஆனா வூடு நல்லா இருந்துதுங்க.

ஆபரேசன் பண்ணிட்டா அடிக்கடி ஊசிக்கு வர வேணாம்னு டாக்டர் சொல்றாரு. பொண்ணும் அதத்தான் சொல்லுது. எனக்கு கத்தின்னா பயம்னு சொல்லி வச்சிருக்கேன்.

இன்னிக்கு ஊசி போட்டா சாயந்திரமே வுட்டுடுவாங்க. சேலம் பஸ் ஸ்டாண்டுலயே என்ன கள்ளக்குறிச்சி பஸ்ஸுல ஏத்திட்டு, அது ஓசூர் பஸ் ஏறிடும். வெறும் வயித்தோட இருந்தாத்தான் டியூப் வுடுவாங்க. ராத்திரியிலர்ந்து தண்ணி பாட்டில கூட அதுவேதான் வச்சிக்கினு இருக்குது.

இப்ப நர்சம்மா வந்து எதுனா சாப்டீங்களான்னு கேக்கும். பொய் சொல்ல மாட்டேங்க, ஆபத்தாமே. காலையில பொண்ணு பாத்ரூம் போனப்ப, ஆஸ்பத்திரிக்கு எதுக்க இருக்கற கடையில டீ வாங்கி ஒரு பன்ன ஊற வச்சி முழுங்கிட்டேன். போன தடவையும் இப்பிடித்தான். நாளைக்கு வாங்கன்னு திட்டி அனுப்புவாங்க. பொண்ணும் திட்டும். திட்டிக்கினே இன்னும் ஒரு ராத்திரி எங்கூட இருக்கும்.