நாற்பத்தொன்றாவது வரி

எனக்கு ஃபர்சானாவைப் பிடிக்காது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது சரியில்லை, சார். வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம் செய்த நாளெல்லாம் அவளுக்கென்று ஒரு சின்ன டப்பா தனியாக எடுத்துப் போனவன் நான். கம்பெனியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் பெயர் வரதராஜுலு. வயது நாற்பத்தெட்டு. கணபதியில் வீடு. பவர் பிரஸ்ஸுக்குக் கட்டுப்பாட்டுக் கார்டு செய்யும் கம்பெனியில் பதினான்கு வருடமாக டிரைவர் எழுதுகிறேன். டிரைவர் என்றால் கார் ஓட்டுபவர் இல்லை. மோட்டார் பம்புக்குத் தகடு வெட்டும் பிரஸ்ஸைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு தொடுதிரை இருக்கும். அந்தத் திரையில் ஓடும் புரோகிராம் இயந்திரத்தை நேரடியாகத் தொட முடியாது. கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில், கெர்னல் என்கிற இடத்தில், இயந்திரத்துக்குக் காவலாக இன்னொரு புரோகிராம் உட்கார்ந்திருக்கும். அதுதான் டிரைவர். திரை அதனிடம் ஒரு எண்ணைச் சொல்லி வேலை கேட்கும். ஏழு என்றால் வேகத்தைச் சொல். பன்னிரண்டு என்றால் எண்ணிக்கையை அழி. கேட்பது யார், இப்போது கேட்கலாமா என்று பார்த்துவிட்டு டிரைவர் அதைச் செய்யும், அல்லது மறுக்கும். எங்கள் கார்டில் இப்படி அறுபத்து மூன்று கட்டளைகள்.

உங்களுக்கு வேண்டியது நாற்பத்தொன்று. பிரஸ்ஸின் வாய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளித்திரை இருக்கிறது. கை அதைத் தாண்டினால் இயந்திரம் நின்றுவிடும். தகடு வெட்டும் அச்சை மாற்றும்போது மெக்கானிக்கின் கை உள்ளே போயாக வேண்டும் என்பதால், ஒளித்திரையைக் கொஞ்ச நேரம் அணைத்து வைக்க ஒரு கட்டளை உண்டு. அதுதான் நாற்பத்தொன்று. மெக்கானிக் தன் சாவியைப் போட்டுத் திருப்பியிருந்தால் மட்டுமே டிரைவர் சம்மதிக்க வேண்டும். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு புரோகிராமை நம்பி விடலாமா என்று கேட்பீர்கள். விடக்கூடாது. அதை நான் 2019-லேயே எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

அறுபத்து மூன்று கட்டளைகளையும் நான் ஒரே நீளமாக எழுதி வைத்திருந்தேன். இரண்டாயிரத்து அறுநூறு வரி. இந்த எண் என்றால் இது, அந்த எண் என்றால் அது என்று இறங்கிக்கொண்டே போகும். சாவியைப் பார்ப்பது ஓரிடத்தில் மேலே இருக்கும், ஓரிடத்தில் கீழே இருக்கும். ஒழுங்கில்லை என்பது உண்மைதான். ஆனால் எனக்கு அது மனப்பாடம். ஏதாவது கோளாறு என்றால் கம்பெனியில் எல்லோரும் என் மேஜைக்குத்தான் வருவார்கள்.

போன வருடம் முதலாளியின் மகன் சபரீஷ் பொறுப்புக்கு வந்தார். ஃபர்சானாவை வேலைக்கு எடுத்தார். இருபத்தேழு வயது, உக்கடத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். என் இரண்டாயிரத்து அறுநூறு வரியையும் மூன்று வாரத்தில் ஓர் அட்டவணையாக மாற்றிவிட்டாள். ஒரு கட்டளைக்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் எண், அடுத்ததில் எவ்வளவு தகவல் வரும், மூன்றாவதில் யார் கேட்கலாம், நான்காவதில் எந்த வேலை. வாசலில் ஒரே இடத்தில் எல்லாச் சோதனையும் முடிந்துவிடும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் தேடிப் பார்த்தேன்.

சபரீஷ் எல்லோரையும் கூப்பிட்டுப் பெரிய திரையில் அதைப் போட்டுக் காட்டினார்.

"ஏனுங்க சார், பதினாலு வருசமா இத அப்படியே வெச்சுக்கிட்டு எப்படீங்க ஓட்டுனீங்க?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். ஃபர்சானா மட்டும் சிரிக்கவில்லை. "சார் அங்கங்க எழுதி வெச்ச குறிப்பு இல்லாட்டி என்னால செஞ்சிருக்கவே முடியாதுங்க" என்றாள்.

சிரித்தவர்களை அன்று சாயங்காலமே மறந்துவிட்டேன். அவள் சொன்னது மட்டும் கூடவே வீட்டுக்கு வந்தது.

அவள் எழுதியதைச் சரிபார்த்துப் பிரதான நகலோடு சேர்ப்பது என் பொறுப்பு. சேர்த்தாலும் அது அவள் பெயரில்தான் இருக்கும். ஒரு புதன்கிழமை, மதியம் ஒன்று இருபது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நாற்பத்தொன்றாவது வரியின் மூன்றாவது கட்டத்தில், சாவி வைத்திருப்பவர் மட்டும் என்று பொருள்படும் சொல் இருந்தது. அதை எடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் என்று பொருள்படும் சொல்லைப் போட்டேன். சேர்த்தேன். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை சபரீஷ் முன்னால் இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவதாக இருந்தது. அங்கே பிழை தெரியவரும், அவள் கொஞ்சம் தலைகுனிவாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை யாரும் திரையில் 'அச்சு மாற்று' பொத்தானைத் தொடவில்லை. ஃபர்சானா தன் சோதனைகளை முன்பே முடித்திருந்ததால் யாரும் அவற்றை மறுபடி ஓட்டவும் இல்லை. புது டிரைவரைப் பதினொரு பட்டறைகளுக்கு அனுப்பலாமா என்று சபரீஷ் என்னிடம்தான் கேட்டார். அனுப்பலாம் என்றேன்.

ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அரசூர்ப் பக்கத்துப் பட்டறையிலிருந்து சூப்பர்வைசர் காளிச்சாமி போன் செய்தார்.

"ஏனுங்க சார், நம்ம தெய்வாத்தா கை உள்ள போச்சுங்க, மிஷினு நிக்கலீங்க. நல்ல வேளை, மேல ஏறிட்டிருந்த நேரம். என்னன்னு கொஞ்சம் பாருங்க."

"கண்ணாடில எண்ணெய் படிஞ்சிருக்குமுங்க. துடைங்க."

"தொடச்சுப்போட்டமுங்க."

"அப்ப ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

ஆஃப் செய்து ஆன் செய்தால் ஒளித்திரை தானாக உயிர் பெறும். அதனால் சரியாகிவிட்டது. யாரோ உறை போட்ட கையால் திரையில் 'அச்சு மாற்று' பொத்தானைத் தெரியாமல் தட்டியிருக்கிறார்கள், டிரைவர் சாவியைக் கேட்காமல் சம்மதித்திருக்கிறது என்பது போனை வைப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

அதே வாரம் ஃபர்சானாவைக் குழுத் தலைவியாகப் போட்டார்கள். என்னையும் சேர்த்து நான்கு பேர் அவளுக்குக் கீழே.

காளிச்சாமி விடவில்லை, நேரில் வாருங்கள் என்றார். போனேன். தெய்வாத்தாளை அன்றுதான் முதலில் பார்த்தேன். அன்னூரிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள், நாற்பது வயதிருக்கும். எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"நீங்க வந்து பாத்துட்டா பயமில்லீங்க சார். ரெண்டு நாளா கைய வெக்கறக்கே யோசனையா இருந்துச்சுங்க" என்றாள்.

ஒளித்திரையின் கண்ணாடியைத் துணியால் துடைத்தேன். ஒரு குச்சியை உள்ளே நீட்டினேன். நின்றது.

"பாத்தீங்களா அம்மணி, நின்னுருச்சு."

அவளாகவும் ஒருமுறை கையை நீட்டிப் பார்த்தாள். நின்றது. "சரியாப் போச்சுங்க" என்று சிரித்தாள்.

என் பையில் லேப்டாப் இருந்தது. அந்தச் சொல்லைத் திருத்திக் கார்டில் ஏற்றப் பத்து நிமிடம் போதும். ஏன் செய்யவில்லை என்று நேற்றும் கேட்டீர்கள். யோசிக்காமல் இல்லை, சார். நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லித் திருத்தியிருந்தால் எனக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கும். ஆனால் போனில் வந்த ஒரு புகாருக்காகத் திருத்திய பிழையை யாரும் இரண்டு வாரத்துக்கு மேல் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஆறு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் காளிச்சாமி போன் செய்தார். பின்னால் ஒரே சத்தம். தெய்வாத்தாளின் வலது கை உள்ளே இருக்கிறது, பிரஸ் கீழேயே நின்றுவிட்டது, மேலே தூக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

மெயின் சுவிட்சை ஆஃப் செய்து, பக்கத்திலிருக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஆனால் ஆஃப் செய்தால் திரையில் இருக்கும் பதிவு அழிந்துவிடும். கடைசியாக எந்தக் கட்டளை போனது என்பது அதில்தான் இருந்தது.

"மொதல்ல ஸ்கிரீன ஒரு போட்டோ எடுங்க" என்றேன்.

"சார், கை உள்ள இருக்குதுங்க."

"எடுங்க. எடுத்துட்டுச் சொல்லுங்க."

எடுத்தார். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆகியிருக்கும். பிறகு எப்படித் தூக்குவது என்று தெளிவாகச் சொன்னேன். மணிக்கட்டுக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அந்த ஒரு நிமிடத்தால் அது மாறியிருக்காது என்று டாக்டர் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

விசாரிக்கும் வேலையைச் சபரீஷ் என்னிடமே கொடுத்தார். போட்டோவில் நாற்பத்தொன்று இருந்தது. அட்டவணையில் நாற்பத்தொன்றாவது வரி இருந்தது. அதன் மேல் ஃபர்சானாவின் பெயர் இருந்தது. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

"நான் அப்படி எழுதலைங்க சார்" என்றாள். அதையே மூன்று நாள் சொன்னாள். நான்காவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தெய்வாத்தாளைப் பார்த்துவிட்டு, நேராக என் மேஜைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அவங்க என்னையத் திட்டக்கூட இல்லைங்க சார். சாப்டியா கண்ணுன்னு கேட்டாங்க. நானேதான் மாத்திட்டேனோ? எனக்கே ஞாபகமில்லாம?"

அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். "அசதில யாருக்கும் நடக்கும்மா. மனசப் போட்டு வருத்திக்காத" என்றேன்.

அன்று மதியமே எழுதிக் கொடுத்துவிட்டாள், பிழை தன்னுடையதுதான் என்று. நான் சொல்லச் சொல்ல எழுதினாள் என்று இப்போது சொல்கிறாளாம். நான் எழுத்துப் பிழையை மட்டும்தான் திருத்தினேன். அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீங்கள் அவள்மேல் வழக்குப் போட்டீர்கள். அடுத்த மாதம் நிச்சயம் செய்திருந்த கல்யாணம் நின்றது. எனக்கு வருத்தம்தான்.

அரசூர்க் காளிச்சாமி இல்லாவிட்டால் அத்தோடு முடிந்திருக்கும். எந்தெந்தக் கட்டளைக்குச் சாவி வேண்டும் என்று உறுதி செய்துகொள்ள, ஃபர்சானா தன் அட்டவணையை அச்செடுத்துக் காளிச்சாமியிடம் கொடுத்திருக்கிறாள். நான் கை வைப்பதற்கு இரண்டு நாள் முன்பு. என்னிடம் சொல்லவில்லை. அவர் அதில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதி, மின்பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். நான் போன அன்று கண்ணாடியைத்தான் துடைத்தேன். பெட்டியைத் திறக்கவில்லை. வழக்கு என்றதும் அவர் அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டார். நாற்பத்தொன்றாவது வரி, சாவி மட்டும். அதற்குப் பிறகு அந்தக் கோப்பைத் தொட்டது நான் ஒருவன்தான்.

நீங்கள் டைப் செய்து கொடுத்த வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தேன். தேதிகள் சரி, நேரம் சரி. நான்காம் பக்கத்தில் 'கவனக்குறைவால் மாற்றிவிட்டேன்' என்று இருக்கிறது. அதை அப்படியே விட்டால் தண்டனை குறையும், பேசாமல் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார் வக்கீல். நல்ல மனிதர், ஆனால் எங்கள் தொழில் அவருக்குத் தெரியாது. வேண்டுமென்றே என்று திருத்திக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் வேலையில் கவனக்குறைவு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை, சார்.